ராணுவத்தில் டாக்டர் தம்பதிகள்: டெல்லியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் ராணுவ மருத்துவப் படையில் ஷார்ட் சர்வீஸ், அதாவது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரிப் பணி, முடித்து வெளியே வந்தவள் நான். கணவர் இன்னும் யூனிஃபார்மில் இருக்கிறார். டெல்லி கன்டோன்மென்ட், ஆர்.கே.புரம், முனிர்க்கா பக்கம் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், கல்யாணம் நிச்சயமான கையோடு போன் செய்பவர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

டாக்டருக்குப் படிச்சா கொஞ்ச வருஷம் ராணுவத்துல இருந்தே ஆகணும்னு சட்டம் இருக்கா?

இல்லை. இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை யாருக்கும் கிடையாது. டாக்டர்களும் அதில் சேர்த்திதான். நாமாகப் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் கடமை வரும்.

அந்தக் கையெழுத்துக்கு மூன்று வாசல்கள் உண்டு. புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியான ஏ.எஃப்.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். சேருவது முதல் வாசல். வெளியே எங்காவது படித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் (எஸ்.எஸ்.சி.) நுழைவது இரண்டாவது. ராணுவ மருத்துவமனைகளில் மேற்படிப்பு இடம் வாங்கி, அதற்கு ஈடாகச் சேவை செய்வதாக பாண்டு எழுதிக் கொடுப்பது மூன்றாவது. எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டுப்பாடும் காலமும் மாறும். அதனால் யார் எதைக் கேட்டாலும், "நீ எந்த வழியில் வந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

டெல்லி பேஸ் ஹாஸ்பிட்டலோடு சேர்ந்த ஆர்மி காலேஜ் ஆஃப் மெடிக்கல் சயின்ஸஸ் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. அது ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான கல்லூரி. அங்கே படித்துவிட்டு ராணுவத்தில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏ.எஃப்.எம்.சி.ல படிக்கும்போதே கல்யாணத்தை முடிச்சுடலாமா? தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, வீட்டுல அவசரப்படுறாங்க.

முடியாது. சேரும்போது திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும், படிப்பு முடியும்வரை கல்யாணம் கூடாது. நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் ஒரு பகுதியினருக்கு ஓய்வு வரை நீளும் நிரந்தர கமிஷன் (பி.சி.), மற்றவர்களுக்கு ஏழு ஆண்டு ஷார்ட் சர்வீஸ். இந்த ஏழு ஆண்டைப் பெண் வீட்டார் அறியாமலே கல்யாணம் பேசி முடித்த கதைகள் எனக்குத் தெரியும். ஜாதகத்தோடு கமிஷன் விவரத்தையும் கொடுத்துவிடுவது நல்லது.

எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சு அக்கா. எஸ்.எஸ்.சி. போடலாமா?

தாராளமாகப் போடலாம். திருமணம் ஆனவர், ஆகாதவர், ஆண், பெண் எல்லோருக்கும் வழி உண்டு. அறிவிப்பு ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநரகத்திலிருந்து வரும். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்களுக்கு வழக்கமாக 30 வயது, மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 35 வயது வரம்பு. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வை இரண்டு முயற்சிக்குள் முடித்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நேர்காணல் இங்கே டெல்லி கன்டோன்மென்டில் உள்ள ஆர் அண்ட் ஆர் என்ற பெரிய ராணுவ மருத்துவமனையில் நடக்கும். அதற்காகவே ஊரிலிருந்து ரயிலேறி வருபவர்களை நாங்கள் வீட்டில் தங்க வைத்ததுண்டு.

முதலில் ஐந்து ஆண்டு. பிறகு நீங்களும் அவர்களும் விரும்பினால் ஐந்து, அப்புறம் நான்கு, ஆக மொத்தம் 14 ஆண்டு வரை நீட்டிக்கலாம். எடுத்தவுடன் கேப்டன். அடிப்படைப் பயிற்சி லக்னோவில்.

தமிழ்நாட்டில் மேற்படிப்பு முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அரசு பாண்டு பாக்கி இருந்தால் உங்கள் அசல் சான்றிதழ்கள் கல்லூரிப் பீரோவில் கிடக்கும். நேர்காணலுக்கோ அசல் வேண்டும். அரசு வேலையில் இருந்தால் தடையில்லாச் சான்றும் வேண்டும். இந்த இரண்டையும் முடிக்காமல் டெல்லிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

செலக்ட் ஆன நேரத்துல கர்ப்பமா இருந்தா வேலை போயிடுமா?

கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஏ.எம்.சி.யில் சேர விடாதது தவறு என்று 2016-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு பெண் மருத்துவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். போனில் யாரோ "பரவாயில்லை மேடம், அப்புறம் வாங்க" என்று சொன்னது எங்கேயும் பதிவாகாது.

இதை ஒட்டி இன்னொரு வழக்கும் உண்டு. ராணுவ செவிலியர் பணியில் கல்யாணம் செய்ததற்காகவே வேலையை விட்டு அனுப்பும் விதி ஒரு காலத்தில் இருந்தது. 1988-ல் அப்படி அனுப்பப்பட்ட செலினா ஜான் என்ற அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விதி 1995-லேயே விலக்கப்பட்டுவிட்டது. இன்னமும் அதை நினைவில் வைத்துக்கொண்டு பெண்ணைப் பயமுறுத்தும் மாமாக்கள் இருக்கிறார்கள்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே அப்ளை பண்றோம். ஒண்ணா எடுத்து ஒரே ஊர்ல போடுவாங்களா?

விண்ணப்பம் தனித்தனி, மதிப்பெண்ணும் தனித்தனி. ஒருவர் தேர்வாகி மற்றவர் ஆகாமல் போவது சாதாரணம். முதல் போஸ்டிங்கில் ஒரே ஊர் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று முதல் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாமவர் பிறகு விண்ணப்பிக்கலாம் என்பது என் கருத்து. வயது வரம்புக்கு அருகில் இருப்பவர்தான் முதலில் போக வேண்டும், இளையவர் காத்திருக்கலாம். பல வீடுகளில் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். "முதலில் அவர் செட்டில் ஆகட்டும்" என்று காத்திருந்து, அவளுக்கு வயது தாண்டிவிடும்.

கல்யாணம் முடிஞ்சாச்சு. ஆபீஸ்ல என்ன பேப்பர் கொடுக்கணும்?

பார்ட் டூ ஆர்டர். திருமணம், குழந்தை பிறப்பு போன்ற எதுவும் அந்த உத்தரவில் ஏறினால்தான் ராணுவத்தின் கணக்கில் நடந்ததாக அர்த்தம். குருவாயூரில் தாலி கட்டியிருக்கலாம், ஆயிரம் பேர் சாப்பிட்டிருக்கலாம். பார்ட் டூ ஆர்டர் வெளியாகாதவரை நீங்கள் தனி ஆள்தான். குவார்ட்டர்ஸ், மருத்துவ வசதி, சேர்ந்து போஸ்டிங் கேட்பது எல்லாம் அதன் பிறகே.

திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். இரண்டு பேருமே அதிகாரிகள் என்றால் இரண்டு யூனிட்டிலும் தனித்தனியாக ஆர்டர் வெளியாக வேண்டும். ஒரு யூனிட்டில் ஏறி, இன்னொன்றில் மறந்து போய், பெண் அதிகாரி இரண்டாண்டு "திருமணம் ஆகாதவர்" என்றே காகிதத்தில் இருந்த கதையும் உண்டு. பெயரின் எழுத்துகளையும் ஒருமுறை பாருங்கள். நம்ம இனிஷியல் முறை வடக்கே யாருக்கும் பிடிபடாது. அப்பா பெயர் உங்கள் குடும்பப் பெயராகி, கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றச் சொல்லி ஒரு படிவம் வரும்.

கணவன் மனைவி ஒரே ஊர்ல இருக்கணும்னு கவர்மென்ட் ரூலே இருக்காமே?

இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்காக பணியாளர் துறை 2009 செப்டம்பர் 30 அன்று ஓர் அலுவலகக் குறிப்பு வெளியிட்டது. 1986, 1997-லும் இதே பொருளில் குறிப்புகள் வந்தன. கணவன் மனைவியை ஒரே நிலையத்தில் போட வேண்டும், குறிப்பாகக் குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை கவனிக்க வேண்டும் என்பது சாரம். நிர்வாக வசதிக்கு உட்பட்டு என்ற வாலும் கூடவே வரும். சிவில் பக்கம் வேலை பார்க்கும் கணவரோ மனைவியோ தன் துறையிடம் காட்டத்தான் இந்தக் காகிதம் பயன்படும். ராணுவத்திடம் இதைக் காட்டி உரிமை கேட்க முடியாது.

ராணுவ மருத்துவப் பிரிவிலும் தம்பதிகளை முடிந்தவரை ஒரே இடத்தில் போடும் வழக்கம் உண்டு. முடிந்தவரை, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் எஸ்.கே. நௌஷாத் ரஹ்மான் வழக்கில், அது சிவில் ஊழியர்கள் பற்றியது, இடமாற்றத்தை உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் கொள்கை வகுக்கும்போது ஊழியரின் குடும்ப வாழ்க்கையை அரசு கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கோரிக்கையைப் பார்க்கச் சொல்லலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது.

அப்போ சேர்ந்து போஸ்டிங் யாருக்குத்தான் கிடைக்குது? சிபாரிசு இருக்கறவங்களுக்கா?

நான் பார்த்தவரை சிபாரிசை விட ஸ்பெஷாலிட்டிதான் அதிகம் தீர்மானிக்கிறது. இதை யாரும் கல்யாணத்துக்கு முன் யோசிப்பதில்லை. மேற்படிப்பில் எதை எடுக்கிறீர்கள் என்பதே, எந்தெந்த ஊரில் நீங்கள் இருவரும் ஒன்றாக வாழ முடியும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

ஒரு மருத்துவமனையில் எந்தத் துறைக்கு எத்தனை டாக்டர் என்பது ஏற்கனவே வகுத்து வைத்த எண்ணிக்கை. சிறிய மிலிட்டரி ஹாஸ்பிட்டலில் ஒரு மெடிசின், ஒரு சர்ஜரி, ஒரு மயக்கவியல், ஒரு மகப்பேறு என்ற அளவில்தான் இருக்கும். கணவன் மனைவி இருவரும் ஒரே துறை என்றால் அந்த ஊரில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். அவர் மயக்கவியல், அவள் மகப்பேறு என்றால் அதே சிறிய மருத்துவமனை இருவருக்கும் இடம் கொடுக்கும், நாடு முழுக்க இப்படி நிறைய ஊர்கள் கிடைக்கும். மெடிசின்–பேத்தாலஜி, சர்ஜரி–ரேடியாலஜி இதெல்லாம் வசதியான ஜோடிகள்.

சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்குப் போகப் போக வரைபடம் சுருங்கும். ஒருவர் இதய சிகிச்சை, மற்றவர் நரம்பியல் என்றால் பேச்சு டெல்லி ஆர் அண்ட் ஆர், புனே, லக்னோ, கொல்கத்தா, சண்டிமந்திர், உதம்பூரில் உள்ள கமாண்ட் ஹாஸ்பிட்டல்கள், பெங்களூர் விமானப்படை கமாண்ட் ஹாஸ்பிட்டல், மும்பையில் கடற்படை மருத்துவமனையான அஸ்வினி, இவற்றைச் சுற்றியேதான். ஊர் குறைந்தாலும் பெரிய ஊராகக் கிடைப்பதால் சிலருக்கு அதுவே வசதி. இருவருமே எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் யூனிட் கணக்கில் இடங்கள் அதிகம், ஆனால் ரெஜிமென்டோடு போகும் வாய்ப்பும் அதிகம்.

ஆக, நீட் பி.ஜி. கவுன்சலிங்கில் உட்காரும் முன் இருவரும் ஒரு சாயங்காலம் இதைப் பேசிவிடுங்கள். பிடிக்காத துறையை எடுக்கச் சொல்லவில்லை. தோல் மருத்துவத்தைத்தான் விரும்புகிறாள் என்றால் எடுக்கட்டும். அதன் விலை என்ன என்று தெரிந்து எடுக்கட்டும்.

ரிக்வெஸ்ட் லெட்டர் எப்படி எழுதணும்? சும்மா "ஒரே ஊர் வேணும்"னு எழுதினா போதுமா?

போதாது. "குடும்ப நலன் கருதி ஆவன செய்யுமாறு" என்று எழுதிய கடிதங்கள் கோப்பிலேயே தூங்கும். போஸ்டிங் போடுபவர் மேசையில் இருப்பது காலியிடப் பட்டியல். அதோடு பொருந்தும் கடிதம்தான் வேலை செய்யும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் கடிதம் ஒரே பக்கம். மேலே இருவரின் எண், பதவி, துறை, இப்போதைய ஊர், அங்கே வந்த தேதி. அடுத்து திருமணத்தின் பார்ட் டூ ஆர்டர் எண், குழந்தையின் வயது. அதன் பிறகு மூன்று ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே, மயக்கவியலில் இருப்பவர் எந்த மாதம் அங்கிருந்து கிளம்ப வேண்டியவர், பேத்தாலஜியில் யார் என்ற குறிப்பு. கடைசி வரியில் "மூன்றில் எதுவானாலும் சம்மதம், கூடுதல் அவகாசம் கேட்க மாட்டோம்." முதல் ஊர் டெல்லி, மூன்றாவது ஊர் யாரும் கேட்காத ஒன்று. அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாவதுதான். ஆனால் சேர்ந்து கிடைத்தது.

இரண்டு பேரும் அவரவர் கமாண்டிங் அதிகாரி வழியாகத் தனித்தனியாக அனுப்பி, ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட வேண்டும். இருவரின் போஸ்டிங் காலமும் ஏறக்குறைய ஒரே சமயம் முடியும்போது கேட்பது எளிது. ஒருவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் அவரை அசைக்க மாட்டார்கள், மற்றவரைத்தான் அங்கே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அவர் ஆர்மி, நான் ஏர்ஃபோர்ஸ். எங்க கேஸ் இன்னும் கஷ்டமா?

கொஞ்சம். ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் மேலே மருத்துவத்துக்கென ஒரே தலைமை இயக்குநரகம் இருக்கிறது. ஒரு படையில் இருந்து இன்னொன்றுக்கு மாறிய மருத்துவர்கள் உண்டு. புனிதா அரோரா 2004-ல் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார், பிறகு கடற்படைக்குப் போய் சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். அந்த உயரத்தில் நடந்தது நமக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. கதவு மூடியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மாறாமலே சமாளிக்க வேண்டுமானால் மூன்று படையும் அருகருகே இருக்கும் ஊர்களைக் கேளுங்கள். டெல்லி, புனே, பெங்களூர். டெல்லியில் தௌலா குவானைச் சுற்றியே ஆர் அண்ட் ஆர், பேஸ் ஹாஸ்பிட்டல், சுப்ரதோ பார்க்கில் விமானப்படை மருத்துவ நிலையம் எல்லாம் வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் டெல்லியைக் கேட்கிறார்கள், அதனால்தான் கிடைப்பதும் கஷ்டம். கடற்படை என்றால் கப்பல் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

பொண்ணுங்களுக்கு ஃபீல்டு போஸ்டிங் கிடையாதுன்னு என் மாமியார் சொல்றாங்க. நிஜமா?

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: உண்டு. 2023 டிசம்பரில் கேப்டன் கீதிகா கௌல் சியாச்சினில் பணியமர்த்தப்பட்ட முதல் பெண் மருத்துவ அதிகாரி ஆனார். ஃபீல்டு என்றால் எல்லைப் பக்கம், பொதுவாக இரண்டு ஆண்டு; பீஸ் என்றால் குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர், மூன்று ஆண்டு போல. ஃபீல்டில் குடும்பம் கூட வர முடியாது. ஆணோ பெண்ணோ, கணக்கு ஒன்றுதான்.

ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஃபீல்டுக்கு அனுப்பிட்டா குழந்தைய யார் பாத்துப்பாங்க?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் தூக்கம் போகிறது. சின்னக் குழந்தை இருக்கும்போது ஒருவர் ஃபீல்டில் இருக்கும் காலத்தில் மற்றவரைப் பீஸில் வைக்கச் சொல்லி, மேலே சொன்ன ஒரு பக்கக் கடிதத்தைப் போலவே காரணத்தோடு எழுதலாம், பெரும்பாலும் கேட்பார்கள். ஆனால் உங்கள் முறை எப்படியும் வரும். அதனால் யார் முதலில் ஃபீல்டு என்பதை நீங்களே முடிவு செய்து முன்வந்து கேட்பது புத்திசாலித்தனம். குழந்தை பிறக்கும் முன்பே ஒருவர் ஃபீல்டை முடித்துவிட்டால் பள்ளி வயதில் பெரிய நிம்மதி.

ஒருவர் ஃபீல்டுக்குப் போகும்போது குடும்பம் இருந்த வீட்டையே வைத்துக்கொள்ளவோ, பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்.எஃப். குடியிருப்பு வாங்கவோ வழி உண்டு. டெல்லியில் அதற்கும் காத்திருப்பு இருக்கும், உத்தரவு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து தங்குவதாக இருந்தால் ஜனவரியில் கூட்டி வராதீர்கள். அந்தப் பனியைப் பார்த்துவிட்டுப் பிப்ரவரியிலேயே கிளம்பிவிடுவார்கள்.

பள்ளி பற்றிக் கேட்பவர்களுக்கு: கேந்திரிய வித்யாலயாவும் ஆர்மி பப்ளிக் ஸ்கூலும் இடமாற்றத்துக்குப் பழகியவை. தமிழ் படிக்க வேண்டுமானால் மோதி பாக், ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன, கன்டோன்மென்டிலிருந்து தூரமில்லை.

பிரசவ லீவு, குழந்தை லீவு எல்லாம் சிவில்ல கிடைக்கற மாதிரியேதானா?

பிரசவத்துக்கு 180 நாள், இரண்டு குழந்தை வரை, முழுச் சம்பளத்தோடு. இது சிவிலில் உள்ளது போலவேதான். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெண் அதிகாரிகளுக்கு மொத்தப் பணிக்காலத்தில் 360 நாள், குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை. சிவிலில் 730 நாள் என்பதால் சஃப்தர்ஜங்கில் வேலை பார்க்கும் தோழியோடு ஒப்பிட்டுப் பார்த்து வருத்தப்படாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள்.

ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியுமா?

ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 20 நாள் கேஷுவலும் இருவருக்கும் உண்டு. கேட்பதற்கு அள்ளிக் கொடுத்தது போல இருக்கும். கொடுப்பது அவரவர் கமாண்டிங் அதிகாரி, அவரவர் யூனிட்டின் ஆள் கணக்கைப் பார்த்து. தீபாவளியன்று எல்லோரும் கேட்பார்கள். பொங்கலுக்குக் கேளுங்கள், வடக்கே போட்டி குறைவு.

விடுப்பு ரத்தாவதும் உண்டு. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் ஏறியபோது டெல்லி எய்ம்ஸிலேயே டாக்டர்களின் விடுப்பை ரத்து செய்தார்கள். ஒருவர் சிவில் என்பதால் வீட்டில் ஒருவராவது இருப்பார் என்ற கணக்கும் அந்த மாதிரி நேரத்தில் சரிப்படாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது ஒருவர் பெயர் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ரெண்டு ஆபீசர்னா ரெண்டு சம்பளம், ரெண்டு வீட்டு வாடகைப் படியா?

சம்பளம் இரண்டு. கேப்டனுக்கு ஏழாவது சம்பளக் கமிஷனில் அடிப்படைத் தொடக்கம் 61,300 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500, தனியாக பிராக்டிஸ் செய்யாததற்கான படி அடிப்படையில் 20 சதவீதம். இவை எல்லாம் இருவருக்கும் தனித்தனி. வீடு மட்டும் ஒன்றுதான். ஒரே ஊரில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து இருவரும் அதில் இருந்தால், மற்றவர் வீட்டு வாடகைப் படி வாங்க முடியாது. வாங்கியிருந்தால் பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள்.

நான் சிவில் டாக்டர், அவர் மட்டும்தான் ஆர்மி. நான் எங்க வேலை பாத்தா நல்லது?

ஊர் மாற வாய்ப்புள்ள வேலையில். சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா போன்ற மத்திய சுகாதாரப் பணி மருத்துவமனைகள், ரயில்வே, இ.எஸ்.ஐ. இவற்றில் இடமாற்றம் கேட்க வழி இருக்கிறது, மேலே சொன்ன 2009 குறிப்பைக் காட்டலாம். எய்ம்ஸ் பெருமையான வேலைதான். ஆனால் ஒவ்வொரு எய்ம்ஸும் தனி நிறுவனம், டெல்லி எய்ம்ஸிலிருந்து ஜோத்பூர் எய்ம்ஸுக்கு மாற்றல் கேட்க முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அப்படி மாட்டிக்கொண்டு, வெள்ளி ராத்திரி மண்டோர் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு ராத்திரி அதிலேயே திரும்பி, திங்கள் காலை ரயிலிலிருந்து நேராக ஓ.பி.க்குப் போவாள். பையில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு டப்பா பருப்புப் பொடியும் இருக்கும்.

தனியார் என்றால் பதிவுதான் தலைவலி. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிந்திருந்தாலும் டெல்லியில் பிராக்டிஸ் செய்ய டெல்லி மெடிக்கல் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து தடையில்லாச் சான்று. அவருக்கு போஸ்டிங் வாடை அடித்த உடனே அடுத்த மாநிலத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளில் ஒப்பந்த அடிப்படையில் டாக்டர்களை எடுப்பார்கள். பல ஊர்களில் இருப்பதால் என் மாதிரி ஆட்களுக்கு அது கை கொடுக்கும்.

நான் தமிழ்நாடு கவர்மென்ட் டாக்டர். கல்யாணம் ஆகி டெல்லி வரணும். டிரான்ஸ்ஃபர் கிடைக்குமா?

மாநில அரசுப் பணியிலிருந்து டெல்லிக்கு இடமாற்றம் என்று ஒன்று இல்லை. அனுமதியோடு டெபுடேஷன், அல்லது நீண்ட விடுப்பு, அல்லது ராஜினாமா. வேலையை விடும் முன் அவருடைய விருப்பப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பக்கம் அவர் வரலாமா என்று யாருமே கேட்பதில்லை.

சரி, சென்னைக்கே போஸ்டிங் வாங்க முடியாதா?

கேட்கலாம். சென்னையில் மிலிட்டரி ஹாஸ்பிட்டல் இருக்கிறது, குன்னூர் பக்கம் வெலிங்டனில் ஒன்று, சூலூர், தாம்பரத்தில் விமானப்படைத் தளங்கள், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி. இவை பெரிய மருத்துவமனைகள் அல்ல என்பதால் ஸ்பெஷாலிட்டி கணக்கு இங்கேதான் அதிகம் இடிக்கும். பெற்றோருக்கு உடல்நலக் குறைவு போன்ற காரணத்துக்காகக் கருணை அடிப்படையில் கேட்கும் வழியும் உண்டு, அது குறுகிய காலத்துக்கு. அதைச் சும்மா ஊர் ஆசைக்குச் செலவழித்துவிட்டால், நிஜமாகத் தேவைப்படும்போது கையில் எதுவும் இருக்காது.

மாப்பிள்ளை ஆர்மி டாக்டர், பொண்ணு மலேசியக் குடியுரிமை. பேசி முடிக்கலாமா?

தேதி குறிக்கும் முன் அவர் மேலிடத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களை மணக்க அதிகாரிகளுக்கு முன் அனுமதி கட்டாயம். மண்டபம் அதற்குப் பிறகு.

ரெண்டு பேரும் உள்ள இருந்தா, யாராவது ஒருத்தர் கேரியரை விட்டுக் கொடுத்துத்தான் ஆகணுமா?

டெல்லித் தமிழர்களுக்கு இதில் சொந்த உதாரணமே இருக்கிறது. ஏர் மார்ஷல் பத்மா பந்தோபாத்யாய் 1944-ல் திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவர். ஏ.எஃப்.எம்.சி. முடித்து 1968-ல் விமானப்படையில் சேர்ந்தார். கணவரும் விமானப்படை அதிகாரி. 1971 போர்க்காலப் பணிக்காக இருவரும் ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் வாங்கினார்கள். ஆனால் ஏர் மார்ஷல் ஆனது பத்மா மட்டும்தான். குழந்தை மருத்துவரான மாதுரி கனித்கர் 2020-ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனபோது, கணவர் ராஜீவ் கனித்கரும் அதே பதவி வகித்தவர் என்பதால் அந்தப் பதவியை எட்டிய முதல் தம்பதி ஆனார்கள். ராஜீவ் டாக்டர் அல்ல, படைப்பிரிவு அதிகாரி. பல ஆண்டுகள் தனித்தனி ஊர்களில் வாழ்ந்துதான் அங்கே வந்தார்கள்.

முடியும், ஆனால் பிரிந்திருப்பதைச் சம்பளத்தின் ஒரு பகுதி போல முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களுக்கு. அதற்கு மனமில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெளியே வந்தது அப்படித்தான். விட்டுக் கொடுப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று ஏன் எல்லோரும் முதலிலேயே முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்கு அஞ்சு வருஷம் முடியப் போகுது. அவர் பி.சி. நான் எக்ஸ்டென்ஷன் வாங்கணுமா, வெளிய வரணுமா?

மூன்று விஷயத்தைப் பாருங்கள். முதலாவது பென்ஷன்: அதிகாரிகளுக்கு 20 ஆண்டு பணி வேண்டும், ஷார்ட் சர்வீஸ் 14 ஆண்டில் நிற்கிறது. நிரந்தர கமிஷன் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பென்ஷனை மனதில் வைத்து நீட்டிக்க வேண்டாம். அந்த எண்ணம் இருந்தால் வயது வரம்பும் பணி ஆண்டு வரம்பும் ஓடிக்கொண்டே இருக்கும், ஐந்தாம் ஆண்டு வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது மேற்படிப்பு. ராணுவ மருத்துவமனைகளில் பி.ஜி. இடங்கள் முன்னுரிமை வரிசைப்படி போகும். பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு அடுத்து, ஷார்ட் சர்வீஸ் முடித்து வெளியே வந்தவர்களுக்கென ஒரு வரிசை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சிவில் டாக்டர்கள் அதற்கும் கீழே, சேவை பாண்டோடு. எம்.பி.பி.எஸ்.ஸோடு உள்ளே போனவர்களுக்கு ஐந்தாம் ஆண்டில் வெளியே வர இதுவே நல்ல காரணம்.

மூன்றாவது, அவருடைய அடுத்த போஸ்டிங். அவர் ஃபீல்டு முடித்து பீஸுக்கு வரப்போகிறார் என்றால் நீங்கள் உள்ளே இருந்து சேர்ந்து கேட்பது பலன் தரும். அவர் இப்போதுதான் ஃபீல்டுக்குக் கிளம்புகிறார் என்றால், நீங்கள் நீட்டித்தாலும் அடுத்த இரண்டு ஆண்டு எப்படியும் தனிதான். அந்த இரண்டு ஆண்டில் படிப்பில் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். வெளியே வருவதென்றால் எழுத்து வேலையைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். விடுவிப்பு உத்தரவும் நீட் பி.ஜி. விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் ஒன்றையொன்று தாண்டிப் போனால் ஓர் ஆண்டு வீண்.